பின்வரிசையில் பதினான்கு ஆண்டுகள்: ரோஸ்மேரி பிரவுன்

1972 ஆகஸ்ட் 30. கனடாவின் மேற்குக் கோடி மாகாணமான பிரிட்டிஷ் கொலம்பியாவில் சட்டமன்றத் தேர்தல். வான்கூவர்-பரார்ட் இரட்டை உறுப்பினர் தொகுதி. 1952, 1957 தேர்தல்களில் நம் ஊரிலும் இப்படிப்பட்ட தொகுதிகள் இருந்தன. அங்கே பரார்டில் இடதுசாரிச் சாய்வுள்ள புதிய ஜனநாயகக் கட்சி இரண்டு இடங்களையும் பிடித்தது. ஒன்றில் நார்மன் லெவி, மற்றொன்றில் ரோஸ்மேரி பிரவுன்.

சில வாரங்களில் அமைச்சரவை அமைந்தது. லெவிக்குச் சமூகநலத் துறை கிடைத்தது. சமூகப்பணியில் முதுகலைப் பட்டம் வாங்கி, அந்தத் துறையிலேயே வேலை பார்த்திருந்த பிரவுனுக்கு எதுவும் கிடைக்கவில்லை. அமைச்சர் பதவி இல்லாத உறுப்பினர்கள் உட்காரும் பின்வரிசைதான் கிடைத்தது. முதல்வர் டேவ் பேரட்டும் சமூகப்பணி படித்தவர்தான். அதனால் இந்தப் பெண்ணின் தகுதி என்னவென்று அவருக்கு யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

பிரவுனைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் 'முதல்' என்ற சொல்லோடு தொடங்குவார்கள். கனடாவின் மாகாணச் சட்டமன்றம் ஒன்றுக்குத் தேர்வான முதல் கறுப்பினப் பெண் அவர். உண்மைதான், ஆனால் அந்தச் சொல் கதவு திறந்த அன்றோடு கதையை முடித்துவிடுகிறது. உள்ளே போனவரை எங்கே உட்கார வைத்தார்கள், அங்கே உட்கார்ந்தபடி அவர் என்ன செய்தார் என்பதுதான் எனக்குச் சுவாரஸ்யமான பகுதி. இந்த ஆய்வு அந்த இருக்கையைப் பற்றியது.

அறை கிடைக்காத ஊர்

1930ல் ஜமைக்காவின் கிங்ஸ்டனில் பிறந்தார். அப்பா இவருடைய சிறுவயதிலேயே இறந்துவிட்டார். பாட்டி, அத்தைகள் என்று பெண்கள் நிறைந்த வீடு, அரசியல் பேச்சு ஓயாத வீடு. ஜமைக்காவில் 1944லேயே வயதுவந்தோர் அனைவருக்கும் வாக்குரிமை வந்துவிட்டது. பெண்கள் கட்சி வேலை செய்வதையும் வாக்குக் கேட்டுப் போவதையும் பார்த்து வளர்ந்த பிள்ளைக்கு அரசியல் ஆண்களின் சமாச்சாரமாகத் தோன்றியிருக்காது. பின்னாளில் அவருடைய துணிச்சலைப் பார்த்துக் கனடியர்கள் வியந்தார்கள். அதில் பாதியாவது பாட்டி வீட்டு முற்றத்திலிருந்து வந்தது என்றுதான் நினைக்கிறேன்.

1950களின் தொடக்கத்தில் மொன்றியலில் மெக்கில் பல்கலைக்கழகத்துக்குப் படிக்க வந்தார். விடுதியில் இவரோடு அறையைப் பகிர்ந்துகொள்ள யாரும் முன்வரவில்லை. தனி அறை கொடுத்தார்கள். கேட்க வசதியாகத்தான் இருக்கிறது, ஆனால் அந்த வசதி ஏன் வந்தது என்பது அவருக்குத் தெரியும். அங்கேயே பில் பிரவுனைச் சந்தித்தார், பிறகு அவரை மணந்தார். பில் அமெரிக்கத் தெற்கிலிருந்து வந்த கறுப்பினத்தவர், பிறகு மனநல மருத்துவரானார். 1955ல் இருவரும் வான்கூவருக்குக் குடிபெயர்ந்தார்கள்.

அங்கே வாடகைக்கு வீடு தேடினால் கறுப்பினத்தவருக்குக் கதவு மூடியது. வேலை தேடினாலும் அப்படித்தான். முகத்தைப் பார்த்ததும் "இப்போதுதான் ஒருவர் வந்து முன்பணம் கொடுத்துவிட்டுப் போனார்" என்று சொல்லும் வீட்டுக்காரர்களைப் பற்றிச் சென்னையில் வீடு தேடிய நம் ஆட்கள் பலருக்கு விளக்கவே வேண்டாம். பிரவுன் தம்பதியர் செய்தது என்னவென்றால், 1956ல் வேறு சிலரோடு சேர்ந்து கறுப்பின மக்களின் முன்னேற்றத்துக்கான மாகாணச் சங்கம் ஒன்றைத் தொடங்கினார்கள். வேலையிலும் குடியிருப்பிலும் பாகுபாடு காட்டுவதைத் தடுக்கும் சட்டம் வேண்டும் என்பது அவர்கள் கோரிக்கை. வீட்டுக்காரரின் மனம் மாறட்டும் என்று காத்திருக்காமல் சட்டம் கேட்டார்கள். பிரவுனின் அரசியல் முழுவதும் இந்தப் பழக்கம் தொடர்ந்தது.

மூன்று பிள்ளைகளை வளர்த்துக்கொண்டே பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் சமூகப்பணி படித்து 1964ல் முதுகலை முடித்தார். குழந்தைகள் நலப் பணி, பல்கலைக்கழக மாணவர்களுக்கு ஆலோசனை, தொலைக்காட்சியில் குடும்பச் சிக்கல்களை அலசும் நிகழ்ச்சி ஒன்றில் பங்கேற்பு என்று அந்த ஆண்டுகள் கழிந்தன. கனடாவின் மகளிர் நிலை குறித்த அரச ஆணையம் 1970ல் அறிக்கை தந்தது. அதைத் தொடர்ந்து வான்கூவரில் ஒரு மகளிர் அமைப்பு உருவானபோது அதில் ஓம்பட்ஸ்வுமன் ஆனார். பெண்கள் தொலைபேசியில் சொல்லும் குறைகளைக் கேட்டு, உரிய அலுவலகத்தின் கதவைத் தட்டும் வேலை அது. தேர்தலுக்கு இதைவிட நல்ல பயிற்சி இருக்க முடியாது. எந்தக் குறை எந்தச் சட்டத்தின் எந்த ஓட்டையிலிருந்து கிளம்புகிறது என்பது விரல்நுனிக்கு வந்துவிடும்.

வாக்கு வங்கி இல்லாத வெற்றி

குடியேறியவர் ஒருவர் ஜெயித்தால் அவருடைய சமூகம் திரண்டு வாக்களித்தது என்று உடனே கணக்குப் போடுவோம். இங்கே அது செல்லாது. வான்கூவரில் கறுப்பின மக்கள் மிகச் சிலர். அவர்கள் சேர்ந்து வாழ்ந்த ஹோகன்ஸ் ஆலி என்ற பகுதியும் ஜார்ஜியா மேம்பாலத்துக்காக இடிபட்டுப்போனது. அந்தப் புதிய பாலம் திறக்கப்பட்டதும் அதே 1972ல்தான். ஆக, பிரவுனைத் தேர்ந்தெடுத்தவர்களில் மிகப் பெரும்பாலானோர் வெள்ளையர்கள். அவரிடம் இருந்த தளம் பெண்கள் இயக்கமும் கட்சி அலையும்.

அலை பெரியதுதான். சோஷியல் கிரெடிட் என்ற வலதுசாரிக் கட்சியின் டபிள்யூ.ஏ.சி. பென்னெட் இருபது ஆண்டுகள் ஆண்டு முடித்திருந்தார். 55 இடங்களில் 38ஐப் புதிய ஜனநாயகக் கட்சி அள்ளியது, அதுவும் சுமார் 40 சதவீத வாக்கில். அதே நாளில் வான்கூவர்-சென்டரில் எமரி பார்ன்ஸ் வென்றார். அவர் கறுப்பினத்தவர், அமெரிக்காவில் பிறந்தவர், ரக்பியைப் போன்ற கனடிய ஃபுட்பாலின் முன்னாள் வீரர். இரண்டு கறுப்பின உறுப்பினர்கள் ஒரே நாளில் வந்தார்கள். இருவரில் ஒருவருக்கும் பேரட் அமைச்சரவையில் இடமில்லை.

'குடியேறியவர்' என்ற சொல்லைப் பற்றியும் ஒரு வார்த்தை. இதே சட்டமன்றத்துக்கு 1918ல் முதல் பெண்ணாக வந்த மேரி எலன் ஸ்மித் இங்கிலாந்தில் பிறந்தவர். 1921ல் அமைச்சராகி, பிரித்தானியப் பேரரசிலேயே அமைச்சரவையில் அமர்ந்த முதல் பெண் என்று பெயர் பெற்றார். அவரும் கடல் தாண்டி வந்தவர்தானே? ஆனால் அவரை யாரும் குடியேறி என்று குறிப்பிட்டு நான் பார்த்ததில்லை. ஆசியர்களின் வருகையைத் தடுக்க வேண்டும் என்று பேசியவர் வேறு. இந்தியரும் சீனரும் அந்த மாகாணத்தில் வாக்களிக்க 1947 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அந்தச் சொல் யார்மேல் ஒட்டும், யார்மேல் ஒட்டாது என்பதற்கு இதுவே போதும்.

வெளியே நின்றதில் கிடைத்தது

பிரவுனை ஏன் ஒதுக்கினார்கள்? பெண் என்பதால் என்று மட்டும் சொல்லிவிட முடியாது. அய்லீன் டெய்லி கல்வி அமைச்சராகவும் துணை முதல்வராகவும் இருந்தார். பள்ளிகளில் பிள்ளைகளை அடிப்பதற்கு 1973ல் தடை போட்டவர் அவர்தான், கனடாவில் அப்படிச் செய்த முதல் மாகாணம் அது. நிறம் என்று மட்டும் சொன்னால் அதற்கும் சான்று கேட்பார்கள். என் கணிப்பு இது: டெய்லி கட்சியில் பல ஆண்டுகள் படிப்படியாக ஏறி வந்தவர். பிரவுனோ தன் சொந்த இயக்கத்தோடு வந்தார், அந்த இயக்கத்துக்குத்தான் முதலில் பதில் சொல்ல வேண்டும் என்று நினைத்தார். அப்படிப்பட்டவரை எந்த முதல்வரும் பக்கத்தில் உட்கார வைக்க யோசிப்பார். நிறமும் புதுமுகமும் சேர்ந்தபோது ஒதுக்குவது இன்னும் சுலபமாகியிருக்கும்.

அமைச்சர் ஆகியிருந்தால் அமைச்சரவையின் கூட்டுப் பொறுப்பு வாயைக் கட்டியிருக்கும். பின்வரிசையில் அந்தக் கட்டு இல்லை. இன்னொரு தற்செயலும் உதவியது. சட்டமன்றப் பேச்சுகளைச் சொல்லுக்குச் சொல் முழுமையாகப் பதிவு செய்து வெளியிடும் வழக்கத்தை அந்த மாகாணத்தில் நிலைப்படுத்தியது பேரட் அரசுதான். கேள்வி நேரத்தைக் கொண்டுவந்ததும் அதே அரசுதான். அமைச்சரவை அறைக்குள் நடந்த வாதங்கள் வெளியே தெரியாது. பின்வரிசையில் பிரவுன் பேசியது எல்லாம் அச்சில் இருக்கிறது.

அவர் பிடித்துக்கொண்டு விடாத விஷயம் மகளிருக்கென்று தனி அமைச்சகம். கட்சி மாநாட்டில் தீர்மானமே போட்டார்கள். பேரட் ஒத்துக்கொள்ளவில்லை. தன் கட்சியின் அரசையே பிரவுன் வெளிப்படையாகக் குறை சொன்னார். நம் கட்சிகளில் இதைச் செய்துவிட்டு மறுநாள் உறுப்பினர் அட்டையோடு நடமாட முடியுமா தெரியாது.

அமைச்சகம் வராவிட்டாலும் மற்றவை வந்தன. பள்ளிப் பாடநூல்களில் அப்பா அலுவலகம் போகிறார், அம்மா சமைக்கிறார் ரகப் பாடங்களைக் களைய வேண்டும் என்று வற்புறுத்தி, அதற்கான குழு அமையக் காரணமானார். குடும்பம், குழந்தைகள் தொடர்பான சட்டங்களை ஆராய தாமஸ் பெர்கர் தலைமையில் ஆணையம் அமைந்ததிலும் அவருக்குப் பங்குண்டு. எல்லாவற்றையும்விட முக்கியமானது 1973ன் மனித உரிமைச் சட்டம். அதற்கு முன் சில சட்டங்கள் துண்டு துண்டாக இருந்தன. புதிய சட்டம் ஒரு கேள்வியைக் கேட்டது: வீடோ வேலையோ சேவையோ மறுக்க நியாயமான காரணம் இருக்கிறதா? இனம், பால், மணமானவரா இல்லையா என்பதெல்லாம் நியாயமான காரணங்கள் அல்ல. வாடகை வீட்டு வாசலில் திருப்பி அனுப்பப்பட்டவர்கள் தொடங்கிய சங்கம் கேட்டது கிட்டத்தட்ட இதுதான், பதினேழு ஆண்டுகள் கழித்து.

வினிபெக், 1975

1974 கூட்டாட்சித் தேர்தலில், அதாவது நாடு தழுவிய நாடாளுமன்றத் தேர்தலில், புதிய ஜனநாயகக் கட்சி 31 இடங்களிலிருந்து 16க்குச் சரிந்தது. தலைவர் டேவிட் லூயிஸ் தன் இடத்தையே இழந்தார். அடுத்த தலைவர் யார்? எட் பிராட்பென்ட்தான் எல்லோர் கண்ணிலும் இருந்தார். அவர் முதலில் நிற்கவில்லை என்றார், அப்புறம் நிற்கிறேன் என்றார். கட்சியின் பெண்கள், களத்தில் ஒரு பெண் இருந்தே ஆக வேண்டும் என்று தேடியபோது பிரவுன் சம்மதித்தார்.

பெரிய கட்சிகளின் தலைமைக்கு ஒரு பெண் போட்டியிட்டது இதற்கு முன் ஒருமுறை நடந்திருக்கிறது. 1967ல் முற்போக்கு கன்சர்வேட்டிவ் மாநாட்டில் மேரி வாக்கர்-சாவ்கா நின்று இரண்டு வாக்குகள் வாங்கினார். பிரவுனும் அப்படி ஓர் அடையாளப் போட்டிக்குத்தான் வருகிறார் என்று பலர் நினைத்திருப்பார்கள். 'பிரவுன் இஸ் பியூட்டிஃபுல்' என்று அட்டைகள் வந்தன. கறுப்பே அழகு என்ற அந்நாளைய முழக்கத்தையும் தன் குடும்பப் பெயரையும் சேர்த்து முடிந்த சிலேடை. நிறத்தைப் பற்றி மற்றவர் தயங்கித் தயங்கிப் பேசுவதற்குள் தானே அதை மேடையில் ஏற்றிவிட்டார்.

ஜூலை மாதம் வினிபெக்கில் மாநாடு. ஐந்து பேர் களத்தில். விதி எளிது: ஒருவருக்குப் பாதிக்கு மேல் கிடைக்கும்வரை சுற்றுகள், ஒவ்வொரு சுற்றிலும் கடைசியில் இருப்பவர் வெளியேறுவார். முதல் சுற்று: பிராட்பென்ட் 536, பிரவுன் 413, லோர்ன் நிஸ்ட்ரம் 345, ஜான் ஹார்னி 313, டக்ளஸ் கேம்ப்பெல் 11. நாடாளுமன்றத்தில் ஒருநாளும் உட்காராத, மூன்றே ஆண்டு சட்டமன்ற அனுபவம் கொண்ட ஒருவர் இரண்டாமிடத்தில். கேம்ப்பெல் போனார், ஹார்னி போனார், நிஸ்ட்ரம் போனார். நான்காம் சுற்றில் பிராட்பென்ட் 948, பிரவுன் 658.

இந்த எண்களைக் கொஞ்சம் உற்றுப் பார்க்கலாம். முதல் சுற்றுக்கும் கடைசிச் சுற்றுக்கும் இடையில் பிராட்பென்ட் 412 வாக்குகளைச் சேர்த்தார், பிரவுன் 245. வெளியேறியவர்களின் ஆட்கள் ஐந்துக்கு மூன்று என்ற கணக்கில் பிராட்பென்ட் பக்கம் சாய்ந்திருக்கிறார்கள். அந்தக் கட்சியில் தொழிற்சங்கங்களுக்கும் பேராளர்கள் உண்டு, அவர்களில் பெரும்பாலோர் கார்த் தொழிற்சாலை ஊரான ஒஷாவாவின் பிராட்பென்ட்டைத்தான் விரும்பினார்கள். நாடாளுமன்ற அனுபவம் இல்லாதவரிடம் கட்சியை ஒப்படைப்பதா என்று யாராவது கேட்டிருந்தால் அது நியாயமான கேள்விதான். ஆனாலும் கடைசிச் சுற்றில் நூற்றுக்கு 41 பேர் அவர் பக்கம் நின்றார்கள். அவருடைய மாகாண முதல்வர் ஓர் அமைச்சர் நாற்காலிக்குக்கூடக் கூப்பிடாத பெண்ணை, நாட்டுக்கே கட்சித் தலைவராக்க 658 பேர் கை தூக்கினார்கள்.

மறைந்துபோன தொகுதி

அதே ஆண்டு டிசம்பர் 11ல் பேரட் அவசரத் தேர்தல் நடத்தித் தோற்றார். பிரவுன் தொகுதியைத் தக்கவைத்தார். ஆட்சி சோஷியல் கிரெடிட்டுக்கு, மூத்த பென்னெட்டின் மகன் பில் பென்னெட்டுக்குப் போனது. அடுத்த அடி வரைபடத்தில் விழுந்தது. 1978ல் நீதிபதி எக்கார்ட் என்ற ஒருநபர் ஆணையம் தொகுதிகளை மறுசீரமைத்தது. ஆளுங்கட்சியின் பெரிய தலை கிரேஸ் மெக்கார்த்தியின் தொகுதியில் மட்டும் ஒரு துண்டு நிலம் விரல் போல நீண்டது. அதற்கு 'கிரேசியின் விரல்' என்றே பெயராகிவிட்டது, இன்றும் அந்த ஊரில், ஆளுங்கட்சிக்குச் சாதகமாக எல்லை வரையும் தொகுதிக் களவாடலுக்கு உதாரணம் கேட்டால் இதைத்தான் சொல்வார்கள். வான்கூவர்-பரார்ட் வரைபடத்திலிருந்தே காணாமல் போனது.

பிரவுன் பக்கத்து நகரான பர்னபியின் எட்மண்ட்ஸ் தொகுதிக்குப் போனார். 1975ல் சோஷியல் கிரெடிட் வென்ற இடம் அது. 1979ல் அங்கே ஜெயித்தார், 1983ல் மறுபடியும். அலையில் வந்தவர், பெயர் தெரிந்த பழைய தொகுதியில் மட்டும் ஜெயிக்கிறவர் என்ற பேச்சுக்கு அத்தோடு வேலை இல்லை.

1983 ஜூலை 7ல் பில் பென்னெட் அரசு சிக்கனம் என்ற பெயரில் ஒரே நாளில் 26 மசோதாக்களைக் கொண்டுவந்தது. அவற்றில் ஒன்று மனித உரிமைச் சட்டத்தையே ரத்து செய்வது. இன்னொன்று வாடகைக் குடியிருப்போரின் வழக்குகளைத் தீர்த்துவந்த அலுவலகத்தை மூடுவது. மனித உரிமைப் பிரிவின் ஊழியர்கள் வேலையிழந்தார்கள். தெருவில் தொழிற்சங்கங்களும் மகளிர் அமைப்புகளும் 'சாலிடாரிட்டி' என்று திரண்டன. சட்டமன்றத்தில் எதிர்க்கட்சி இரவு பகலாகப் பேசி இழுத்தடித்தது. அக்டோபரில் ஓர் இரவு பேரட்டையே காவலர்கள் அவையிலிருந்து இழுத்துக்கொண்டு போனார்கள். எண்ணிக்கை அரசிடம் இருந்தது. 1984ல் பலவீனமான மாற்றுச் சட்டம் ஒன்று வந்தது. 1956ல் கேட்டது 1973ல் கிடைத்து, பத்தே ஆண்டில் பறிபோனதை பிரவுன் எதிர்வரிசையில் உட்கார்ந்து பார்த்தார்.

அவர் சொன்னதாகப் பலரும் நினைவுகூரும் ஒரு வரி உண்டு: நாம் எல்லோரும் கரையேறும்வரை நம்மில் யாரும் கரையேறியதாகாது. மேடை முழக்கமாகக் கேட்டால் சாதாரணம். பெற்ற சட்டம் கண்முன் கிழிபடுவதைப் பார்த்தவர் வாயிலிருந்து வரும்போது அதில் வேறு கனம் இருக்கிறது.

பிறகு

1986ல் தேர்தல் அரசியலிலிருந்து விலகினார். பதினான்கு ஆண்டு, நான்கு வெற்றி, ஒருநாள்கூட அமைச்சரில்லை. சைமன் ஃப்ரேசர் பல்கலைக்கழகத்தில் மகளிரியல் கற்பித்தார், வளரும் நாடுகளின் பெண்களுக்கு உதவும் மேட்ச் இன்டர்நேஷனல் அமைப்பை நடத்தினார். 1993ல் ஒன்ராறியோ மனித உரிமை ஆணையத்தின் தலைமை ஆணையரானார். சொந்த மாகாணம் கலைத்துவிட்ட வேலையை நாட்டின் மிகப் பெரிய மாகாணம் கூப்பிட்டுக் கொடுத்தது. 2003 ஏப்ரலில் காலமானார். 2009ல் அஞ்சல் தலையில் அவர் முகம் வந்தது.

அவர் கேட்ட மகளிர் அமைச்சகம் 1991ல் வந்தது, அவருடைய கட்சியின் அடுத்த ஆட்சியில். முதல் அமைச்சர் பென்னி பிரிட்டி. அதற்கு இரண்டு ஆண்டு முன்பு, 1989 டிசம்பரில், புதிய ஜனநாயகக் கட்சி மறுபடி ஒரு தலைவரைத் தேடி மாநாடு கூட்டியது. ஊர், அதே வினிபெக். முடிவு, மறுபடியும் நான்காம் சுற்றில். ஆட்ரி மெக்லாக்லின் 1,316 வாக்குகள் பெற்று, கனடாவின் பெரிய கட்சி ஒன்றுக்குத் தலைவரான முதல் பெண்ணானார். 1,072 வாக்குகளோடு தோற்றவர் டேவ் பேரட்.

பர்னபியின் தென்பகுதியில், பிரவுன் இரண்டாவதாக வென்ற தொகுதி இருந்த பக்கம், 2024ல் நகராட்சி ஒரு விளையாட்டரங்கைத் திறந்தது. உள்ளே இரண்டு பனித்தளங்கள், பிள்ளைகள் ஹாக்கி மட்டையோடு வந்து போகிறார்கள். பனியே விழாத கிங்ஸ்டனில் பிறந்தவரின் பெயரை அதற்கு வைத்திருக்கிறார்கள்.